நெரிசலில் சிக்கிய ஈறு: பல்வரிசை சீரானால் எது மாறுகிறது?

பல் துலக்கித் துப்பும்போது நுரையோடு கலந்து வரும் இளஞ்சிவப்பு நிறத்தைப் பலர் ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துகிறவர்களில் ஒரு சாரார் பல் மருத்துவரிடம் சென்று பற்களைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். சில வாரங்கள் ஈறு அடங்கியிருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் அதே இடம் மறுபடியும் சிவந்து தடித்து, தொட்டால் கசியத் தொடங்குகிறது. இந்த ‘அதே இடம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். வாய் முழுவதும் பரவலாக இரத்தம் கசிவது ஒரு நிலை. கீழ்த்தாடையின் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்தச் சிறு பகுதியிலோ, தெத்துப்பல்லாக வெளியே துருத்திய கோரைப்பல்லைச் சுற்றியோ மட்டும் திரும்பத் திரும்பக் கசிவது வேறொரு நிலை. பல்வரிசையைச் சீரமைத்தால் ஈறுக்கும் நன்மை உண்டா என்ற கேள்வி உண்மையில் இந்த இரண்டாம் வகையினருக்கே பொருந்துகிறது.

பல் கோணலாக இருப்பதனாலேயே ஈறு வீங்கிவிடுவதில்லை. ஈறோரமாகப் பல்லின் மேற்பரப்பில் படியும் நுண்ணுயிர்ப் படலமே வீக்கத்தின் காரணம். பிளாக் என்று பல் மருத்துவர்கள் குறிப்பிடும் இந்தப் படலம், சுத்தமாகத் துலக்கிய பல்லிலும் சில மணி நேரத்தில் மீண்டும் உருவாகத் தொடங்கும். நாள்தோறும் கலைக்கப்படும் வரை பெருந்தீங்கு செய்யாது. கலைக்கப்படாமல் தங்கி முதிரும்போதுதான் அதிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ஈறைத் தூண்டி, இரத்தக் குழாய்களை விரியச் செய்து, அழற்சியை மூட்டுகின்றன. பல் ஆய்வாளர் ஹெரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. ஈறு நலமாக இருந்த 12 பேர் பற்களைச் சுத்தம் செய்வதை முற்றாக நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. சுத்தம் செய்வதை மீண்டும் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. பல்வரிசை நேராக இருந்தாலும் கோணலாக இருந்தாலும், படலம் தங்கினால் ஈறு புண்படும், படலம் நீங்கினால் ஆறும் என்பதே அதன் சாரம். ஆகவே பல் நெரிசலுக்கு ஈறு நோயில் பங்கு உண்டென்றால், அது படலத்துக்கு அடைக்கலம் கொடுக்கும் பங்காகத்தான் இருக்க முடியும்.

அந்த அடைக்கலம் எப்படி அமைகிறது என்பதை விளங்கிக்கொள்ள, சீரான வரிசையில் இரண்டு முன்பற்களுக்கு இடையே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரு வெட்டுப்பற்கள் தம் முழுப் பக்கத்தாலும் ஒட்டி நிற்பதில்லை. வெட்டு விளிம்புக்கு அருகே ஒரு சிறு புள்ளியில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிக்குக் கீழே, எலும்பை நோக்கிச் செல்லச் செல்ல, இரண்டும் விலகி ஒரு முக்கோண இடைவெளியை விடுகின்றன. ஈறின் கூரிய முனை அந்த முக்கோணத்தை நிரப்பி நிற்கிறது. உணவு வழுக்கிச் செல்வதற்கும், நாக்கும் உதடும் உராய்ந்து ஓரளவு துடைப்பதற்கும், பிரஷின் இழைகள் இரு பக்கத்திலிருந்தும் நுழைவதற்கும், ஃபிளாஸ் நூல் தொடுபுள்ளியைத் தாண்டி இறங்கிப் பல்லின் பக்கங்களைத் தழுவுவதற்கும் இந்த வடிவம் ஏற்றது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெடிப்பும் நலமான நிலையில் 1 முதல் 3 மி.மீ. ஆழந்தான் இருக்கும் என்பதால், ஒழுங்காகத் துலக்குகிறவரின் கையிலிருந்து படலம் தப்புவது கடினம்.

தாடையில் இடம் போதாமல் பற்கள் திரும்பியும் முன்பின்னாகவும் நிற்கும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. ஒரு பல் அடுத்த பல்லின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் படிந்துகொள்வதால், புள்ளியாக இருந்த தொடர்பு பரப்பாக மாறுகிறது. முக்கோண இடைவெளி ஒரு பக்கம் முற்றாக மூடிக்கொள்ள, இன்னொரு பக்கம் ஆழமான மூலையாகிறது. வழக்கமான முன்பல் ஈறுமுனை கூர்மையாக இருக்கும்; கடைவாய்ப் பற்களுக்கு இடையிலுள்ள ஈறோ, தொடுபரப்பு அகலமாக இருப்பதால், நடுவில் குழிந்து சேணம்போல் இருக்கும். அந்தக் குழிவின் மேல்தோல் கெட்டிப்படாத மெல்லிய தோல். நுண்ணுயிர்களின் நச்சுப் பொருள்களை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது முன்பற்களின் ஈறும் அதுபோன்ற நெருக்கப்பட்ட வடிவத்தைப் பெறுகிறது. இரு வேர்களும் அருகருகே வந்துவிட்டால் ஈறுக்கும் அதன் அடியிலுள்ள எலும்புக்கும் கிடைக்கும் இடம் இன்னும் குறுகிவிடுகிறது. அழற்சி வந்து ஈறு சற்றே வீங்கினாலும் போக்கிடம் இல்லாமல் மேலே பிதுங்கி, பல்லின் மேல் மடிந்து, தானே இன்னொரு மறைவிடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நெரிசலான இடத்தில் தொடங்கிய வீக்கம் எளிதில் அடங்காமல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இதனால்தான்.

பிரஷின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மென்மையான பிரஷின் ஓர் இழை சுமார் 0.2 மி.மீ. தடிமனே கொண்டது என்றாலும், அது தனியாக வேலை செய்வதில்லை. கொத்தாகக் கட்டப்பட்டு, ஒரு சமதளத்தைத் தேய்க்கும்படி வெட்டப்பட்டிருக்கிறது. படிக்கட்டுபோல் முன்னும் பின்னுமாக நிற்கும் பற்களின் மேல் அதை இழுத்தால், துருத்திய பல் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது. உள்ளடங்கிய பல்லின் ஈறோரத்தில் இழை படுவதேயில்லை. துருத்திய பல்லுக்கு வெளிப்புறம் எலும்பும் ஈறும் பெரும்பாலும் மெல்லியவையாக இருப்பதால், அளவுக்கு மீறிய தேய்ப்பில் அங்கே ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிகிறது. உள்ளடங்கிய பல்லின் ஈறோ படலம் தங்கி வீங்குகிறது. ஒரே வாயில், கை விரலளவு தூரத்தில், ஒரு பல் அதிகம் தேய்க்கப்பட்டதனாலும் அதன் அண்டைப் பல் தேய்க்கப்படாததனாலும் துன்புறுகின்றன. இவருக்கு ‘இன்னும் நன்றாகத் துலக்குங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொன்னால், அவர் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். துருத்திய பல்லின் ஈறு மேலும் இறங்கும், உள்ளடங்கிய பல்லின் ஈறு இருந்தபடியே இருக்கும். பல ஆண்டுகளாக மருத்துவர்களும் நோயாளிகளும் ஒருவர்மேல் ஒருவர் சலித்துக்கொள்வதற்கு இந்தச் சிறு வடிவியல் சிக்கல் காரணமாக இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

கீழ் முன்பற்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் நாக்கின் அடியில், சரியாக இந்தப் பற்களின் உட்புறத்துக்கு எதிரே திறக்கின்றன. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் தங்கிய படலத்தில் ஊறி, அதைக் காரையாக இறுகச் செய்கின்றன. காரை ஏறிய பின் வீட்டுப் பிரஷால் அதை அகற்ற முடியாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பு புதிய படலத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வயது ஏற ஏறக் கீழ் முன்பற்களின் நெரிசல் இயல்பாகவே கூடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இளமையில் நேராக இருந்த வரிசை நாற்பதில் கோணலாவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதால்தான் இப்படி ஆகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆய்வுகள் அவ்வளவாக ஆதரவு தரவில்லை. ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் இது நேர்கிறது.

படலத்தின் வழியாக அல்லாமல் நேரடியாகவே ஈறைப் புண்படுத்தும் கோணல்களும் சில உண்டு. மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை முழுக்க மூடும்படி கடி மிக ஆழமாக இருந்தால், கீழ்ப் பற்களின் முனை மேலண்ணத்தின் ஈறில் ஒவ்வொரு கடியிலும் குத்தும். மேல்பற்களின் விளிம்பு கீழ்ப் பற்களின் வெளிப்புற ஈறை உரித்தெடுப்பதும் உண்டு. ஒரே ஒரு மேல் வெட்டுப்பல் உள்நோக்கிச் சாய்ந்து, எதிரிலுள்ள கீழ்ப்பல்லை ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளினால், அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு மட்டும் தனியாக இறங்கும். துருத்திய பற்களால் உதடுகள் மூடாமல், வாய்வழியே மூச்சு விடுகிறவர்களுக்கு மேல் முன்பற்களின் ஈறு உலர்ந்து சிவந்து பளபளக்கும். இத்தகைய நிலைகளில் பல் சீரமைப்புக்கும் ஈறின் நலத்துக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இடிக்கும் பல்லை நகர்த்தினால் இடி நிற்கும். ஆனால் பெரும்பாலோரின் கேள்வி இவற்றைப் பற்றியதன்று. சாதாரண நெரிசலைப் பற்றியது. அங்கே விடை இவ்வளவு நேரானதாக இல்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆன்-மேரி போலனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட முறைசார் மதிப்பாய்வுகள் (முன்பு நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுபவை) இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவை. பல்வரிசை மிகவும் ஒழுங்கற்றவர்களுக்கு ஈறு நோயும் கூடுதலாக இருக்கிறது என்ற தொடர்பை அவை உறுதி செய்தன. ஆயினும், பல் சீரமைப்புச் சிகிச்சை பெற்றவர்களின் ஈறு, பெறாதவர்களின் ஈறைவிட நலமாக இருக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. மாறாக, சிகிச்சை பெற்றவர்களிடம், பெறாதவர்களைவிடச் சராசரியாக 0.03 மி.மீ. ஈறு இறக்கமும், 0.13 மி.மீ. எலும்பு இழப்பும், 0.23 மி.மீ. பை ஆழமும் (ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெடிப்பின் ஆழம்) கூடுதலாகக் காணப்பட்டன. மில்லிமீட்டரில் கால்பங்கைக்கூட எட்டாத இந்த வேறுபாடுகள் நடைமுறையில் பெரிதல்ல. அடிப்படை ஆய்வுகளின் தரமும் உயர்ந்ததாக இல்லை. இருந்தாலும் ‘பல்லை நேராக்கினால் ஈறு நோய் வராது’ என்று விளம்பரத் தொனியில் சொல்கிறவர்களுக்கு இந்த எண்கள் ஒரு கடிவாளம்.

கோணலுக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டு, கோணலை நீக்கியவர்களிடமோ சராசரியில் நன்மை தெரியவில்லை என்ற இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? சராசரி என்பது மிக வேறுபட்ட மனிதர்களை ஒரே கூடையில் போடுகிறது என்பதே என் எண்ணம். பிரஷும் ஃபிளாஸும் இடைப்பல் பிரஷும் கொண்டு நாள்தோறும் பொறுமையாகச் சுத்தம் செய்யும் ஒருவர், எவ்வளவு நெரிசலான வரிசையையும் நலமாக வைத்துக்கொள்வார். அவருக்குச் சீரமைப்பால் நேரம் மிச்சமாகலாம், ஈறில் பெரிய மாற்றம் தெரியாது. பல் துலக்குவதிலேயே அக்கறையில்லாத ஒருவருக்கு நேரான பற்களிலும் படலம் தங்கும். அவருக்கும் சீரமைப்பு உதவாது. இவ்விருவருக்கும் நடுவில், நாளுக்கு இருமுறை ஓரளவு நன்றாகத் துலக்கி, எளிதான இடங்களையெல்லாம் சுத்தமாக வைத்து, கடினமான மூலைகளில் மட்டும் தோற்றுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முயற்சிக்கும் ஈறின் நலத்துக்கும் இடையே நிற்கும் தடை நெரிசல்தான். தடையை அகற்றினால், அதே கை, அதே பிரஷ், அதே இரண்டு நிமிடம் கூடுதல் பலன் தரும். சீரமைப்பு ஈறுக்கு மருந்தன்று. பிரஷுக்கு வழி திறந்துவிடுவது மட்டுமே அதன் பணி. அந்த வழியில் பிரஷ் சென்றதா இல்லையா என்பதைச் சராசரி எண்கள் காட்டுவதில்லை.

தாம் அந்த நடுப்பிரிவைச் சேர்ந்தவரா என்று அறிய ஓர் எளிய வழி, எங்கெங்கே கசிகிறது என்று கவனிப்பது. பல் மருத்துவர்கள் ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் மெல்லிய அளவுகோலால் தொட்டுப் பார்க்கிறார்கள். 28 பற்கள் இருந்தால் 168 இடங்கள். இவற்றில் 10 விழுக்காட்டுக்கும் குறைவான இடங்களில் மட்டுமே கசிந்து, பை ஆழமும் 3 மி.மீ.-க்குள் இருந்தால், 2017-ஆம் ஆண்டு ஈறு நோய் வல்லுநர்களின் உலகப் பணிப்பட்டறை வகுத்து 2018-இல் வெளியான வகைப்பாட்டின்படி அந்த வாய் நலமானது. ஆறு கீழ் முன்பற்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களில் கசிகிறது, வேறெங்கும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 168-இல் 12 என்பது 7 விழுக்காடுதான். கணக்கின்படி அவருடைய வாய் நலமானது; அவருடைய அனுபவத்திலோ நாள்தோறும் இரத்தம் தெரிகிறது. இந்தக் கசிவுப் படமும் நெரிசல் படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால், நெரிசலுக்குப் பங்கு உண்டு என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. மாறாக, நேரான பற்களைச் சுற்றியும் ஒரே அளவில் கசிந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்: கட்டுப்படாத நீரிழிவு, கர்ப்பகால ஹார்மோன் மாற்றம், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற சில மருந்துகள் என்று அந்தப் பட்டியல் நீளும். புகைபிடிப்பவர்களிடம் நிலைமை தலைகீழ். புகையால் கசிவு அடங்கித் தெரியும், உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

நெரிசல்தான் தடை என்று தெரிந்தபின், பற்கள் நகரும்போது ஈறுக்கு என்ன நடக்கிறது? பல் எலும்பில் ஆணியடித்ததுபோல் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மி.மீ. அகலமுள்ள நார்த்திசு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. மெல்லிய விசையைத் தொடர்ந்து கொடுத்தால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைக்கப்படுகிறது, இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இடம்பெயர்கிறது. பல்லோடு எலும்பும் ஈறும் சேர்ந்தே நகர்கின்றன என்பதுதான் ஈறின் நோக்கில் முக்கியமானது. வெளியே துருத்தியிருந்த பல் எலும்பின் நடுவுக்குத் திரும்பும்போது, அதன் வெளிப்புறத்தில் இழுபட்டு மெலிந்திருந்த ஈறு தடிக்க வாய்ப்பு ஏற்படுகிறது. மேலே படிந்திருந்த பல் விலகும்போது, பரப்பாக இருந்த தொடர்பு மறுபடியும் புள்ளியாகிறது. பிதுங்கி மடிந்திருந்த ஈறுமுனை தனக்குரிய முக்கோணத்தில் அமர்கிறது. பிரஷின் இழை ஈறோரத்தில் 45 பாகை சாய்வில் முதன்முறையாகப் படுகிறது. அதன்பின் நடப்பது லோவின் ஆய்வு காட்டியதுதான்: படலம் நாள்தோறும் நீங்க, அழற்சி ஓரிரு வாரங்களில் தணிகிறது.

ஆனால் அந்தக் கட்டத்தை அடைவதற்கு முன் நிலைமை மோசமாவதும் உண்டு என்பதை எந்த மருத்துவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல்லில் ஒட்டப்படும் பிரேஸ், கம்பி, ரப்பர் வளையம் ஆகிய ஒவ்வொன்றும் படலத்துக்குப் புதிய மறைவிடம். நெரிசலை நீக்கப் போட்ட கருவியே ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு நெரிசலைவிடப் பெரிய தடையாகிவிடும். இந்தக் காலத்தில் ஈறு வீங்கிப் பிரேஸின் மேல் ஏறுவதும், எனாமலில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெள்ளைத் திட்டுகள் விழுவதும் அரிதல்ல. பிரேஸுக்குப் பதிலாகப் பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டக்கூடிய அலைனர் தட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தாலும், துலக்கும்போது கழற்றிவிடலாம் என்பதால், அலைனர் அணிபவர்களின் ஈறு சிகிச்சைக் காலத்தில் ஒப்பீட்டளவில் நலமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் எல்லா வகை நெரிசலையும் அலைனரால் சமாளிக்க முடியாது. துலக்காமல் தட்டை மாட்டிக்கொள்கிறவருக்கு அது படலத்தின் மேல் போட்ட மூடி.

வரிசைமுறையும் முக்கியம். வீங்கிய ஈறோடும் காரையோடும் பல்லை நகர்த்தத் தொடங்கக் கூடாது. முதலில் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி அகற்றும் சுத்தம்) செய்து, துலக்கும் முறையைத் திருத்தி, சில வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே கசிவு நின்று, நின்றபடியே தொடர்ந்தால், ஈறின் பொருட்டுப் பல் சீரமைப்பு தேவைப்படாமலே போகலாம். ஒற்றைக் கொத்து பிரஷும் சரியான அளவுள்ள இடைப்பல் பிரஷும் பல வரிசைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. நோய் எலும்பு வரை இறங்கி, பைகள் ஆழமாகி, பற்கள் ஆடத் தொடங்கியவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். நோய் தணியாத நிலையில் பல்லை நகர்த்தினால் எலும்பு விரைந்து அழியக்கூடும். அதேசமயம், ஈறு சிகிச்சையால் நோய் கட்டுக்குள் வந்தபின், கவனமான மேற்பார்வையில், எலும்பு குறைந்தவர்களுக்கும் பல் சீரமைப்புச் செய்யலாம் என்பதை ஈறு நோய் வல்லுநர்களின் அமைப்பான ஐரோப்பியப் பல்சூழ்திசுவியல் கூட்டமைப்பின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கிறது. ‘ஈறு நோய் இருந்தால் பிரேஸ் போடவே கூடாது’ என்ற பழைய முழுமறுப்பு இன்று செல்லாது.

நெரிசலை நீக்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஈறின் விதி அடங்கியிருக்கிறது. பல்லைப் பிடுங்கி இடம் பெறலாம். பற்களின் பக்கங்களில் எனாமலைச் சீவி, ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் அரை மில்லிமீட்டர் வரை பெறலாம். அல்லது வரிசையையே வெளிநோக்கி விரித்துப் பெறலாம். பல்லைப் பிடுங்க யாருக்கும் மனம் வருவதில்லை என்பதால் மூன்றாவது வழியே கவர்ச்சியானது. ஆனால் கீழ் முன்பற்களுக்கு வெளிப்புறத்திலுள்ள எலும்பு பலருக்கு முட்டை ஓடு அளவுக்கு மெல்லியது. அதைத் தாண்டிப் பற்களைச் சாய்த்தால், வரிசை நேராகத் தோன்றும், ஆண்டுகள் செல்ல ஈறு இறங்கும். ஈறு ஏற்கெனவே மெல்லியதாக இருந்தால், நகர்த்துவதற்கு முன்பே அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்ட வேண்டுமா என்று ஈறு மருத்துவரோடு கலந்து பேசுவது நல்லது. நெரிசலை நீக்கப் போய் ஈறைப் பறிகொடுப்பது, குறிப்பாகப் பெரியவர்களிடம், உண்மையாகவே நேர்கிறது.

பெரியவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொன்று, பற்கள் நேரானபின் அவற்றுக்கிடையே தோன்றும் கருமுக்கோணங்கள். பல் மேலே பல் படிந்திருந்தபோது மறைந்திருந்த இடைவெளி, விலகியதும் வெளியே தெரிகிறது. டென்னிஸ் டார்னோவும் உடனிருந்தோரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவை வகுத்தது: தொடுபுள்ளியிலிருந்து எலும்பின் உச்சி வரை 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறுமுனை ஏறத்தாழ எப்போதும் இடைவெளியை முழுக்க நிரப்புகிறது, 6 மி.மீ. ஆனால் 56 விழுக்காடு, 7 மி.மீ. ஆனால் 27 விழுக்காடு இடங்களில்தான் நிரப்புகிறது. ஆண்டுக்கணக்கில் அழற்சியில் கிடந்து எலும்பு குறைந்தவருக்கு இந்தத் தூரம் கூடியிருக்கும். வீங்கிய ஈறு இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தது. நலமானபின் அது சுருங்கும். நோயாளியின் கண்ணுக்கு இது சிகிச்சையால் வந்த கேடாகத் தெரிகிறது. சுத்தம் செய்தபின் பல் ஆடுகிறது, இடைவெளி விழுந்துவிட்டது என்ற வழக்கமான புகாரின் மறுவடிவம் இது. எனாமலைச் சற்றே சீவித் தொடுபுள்ளியைக் கீழிறக்குவதன் மூலம் முக்கோணத்தைச் சிறிதாக்கலாம். முற்றாக மறைக்க எப்போதும் இயலாது. சுத்தம் செய்வதற்கு அந்தத் திறந்த இடைவெளி மூடிய நெரிசலைவிட ஏற்றது என்பது மட்டும் உண்மை; இடைப்பல் பிரஷ் அதில் தடையின்றிப் போய்வரும்.

நேரான பற்கள் நேராகவே இருக்க விரும்புவதில்லை. இதற்கும் ஈறே ஒரு காரணம். திருப்பப்பட்ட பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள், எலும்பைப்போல் விரைவில் மறுசீரமைவதில்லை. நாய்களில் பல் சீரமைப்பு ஆய்வாளர் ரெய்ட்டன் செய்து 1959-இல் வெளியிட்ட ஆய்வில், பல்லைத் திருப்பி நிறுத்தி 232 நாட்கள் ஆகியும் அந்த நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்தன. இழுபட்ட நார் பல்லைப் பழைய கோணத்துக்கு இழுக்கும். ராபர்ட் லிட்டிலும் குழுவினரும் செய்த நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில், ரிடெய்னரை (சீரான பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் கருவியை) கைவிட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க ஒழுங்கில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. ஈறின் பொருட்டுப் பல் சீரமைத்துக்கொண்டவருக்கு இது இருமடங்கு இழப்பு: நெரிசல் திரும்பினால் கசிவும் திரும்பும்.

இதைத் தடுக்கக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பியொன்றை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். அது ஒட்டப்படும் இடம், உமிழ்நீர்க் குழாய்கள் திறந்து காரை படியும் அதே இடம். கம்பியின் மேலிருந்து ஃபிளாஸ் நூலை இறக்க முடியாது. ஒரு முனை விறைப்பாக உள்ள நூலைக் கம்பிக்கு அடியில் ஊசி கோப்பதுபோல் ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்து, இரு பற்களின் பக்கங்களையும் துடைத்து வெளியே எடுக்க வேண்டும். ஐந்து இடைவெளிகளுக்கு முதலில் ஐந்து நிமிடமாகும், பழகியபின் ஒன்றரை நிமிடத்தில் முடியும். அந்த ஒன்றரை நிமிடத்தைத் தர இயலாதவர், கம்பிக்குப் பதிலாக இரவில் மாட்டிக் காலையில் கழற்றும் ரிடெய்னரைத் தரும்படி, சிகிச்சை முடியும் நாளில் அல்லாமல், தொடங்கும்போதே மருத்துவரிடம் பேசிவைப்பது நல்லது.